தடைக்காலத்தில் கட்டுமான வேலைக்கு வரும் மீனவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: மண்டபம் மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகே படகுகள் அணைவதற்கான ஜெட்டி ஒன்றைக் கட்டும் பணியில், ஒப்பந்ததாரர் தரப்பில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து வந்த எனக்கு இதுவே முதல் கடலோரப் பணி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாததால், இப்பகுதி மீனவர்கள் பலர் அந்த இரண்டு மாதமும் கட்டட வேலைக்கு வருகிறார்கள். எங்கள் தளத்திலும் இப்போது அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பைலிங்கையும் (கடலடி மண்ணில் தூண்களை இறக்கும் வேலை) கம்பி கட்டுவதையும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பார்க்கிறார்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் சித்தாள் வேலைக்கு வருகிறார்கள்.

காலையில் வேலை தொடங்குவதற்கு முன்பு தகரக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி அரை மணி நேரம் பேசுகிறேன். ஹெல்மெட், ஷூ, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பெல்ட் ஆகியவற்றைப் பற்றிச் சொல்கிறேன், படங்களைக் காட்டுகிறேன். முடிவில் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறேன். பதிவேட்டைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தளத்தில் நடப்பது வேறு. சென்ற வாரம் பைல் கேப்பின் (தூண்களின் தலையில் கட்டும் கான்கிரீட் மேடை) மேல் நின்று வேலை செய்த ஒருவர், பெல்ட்டின் கொக்கியை, பைண்டிங் கம்பியால் மட்டும் கட்டியிருந்த ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டியிருந்தார். கையால் இழுத்தாலே நகரக்கூடிய கம்பி அது. நான் கேட்டதற்கு, “மாட்டச் சொன்னீங்க சார், மாட்டித்தான இருக்கேன்” என்றார். அவர் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னதைச் செய்துவிட்டதாகவே உண்மையில் நினைத்திருந்தார். மீனவர்களோ, “கீழ தண்ணிதான, விழுந்தா நீந்தி ஏறிட்டுப் போறோம்” என்று சொல்லி பெல்ட்டையும் லைஃப் ஜாக்கெட்டையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இரண்டே மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது? தமிழ் தெரியாதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? சொல்லிக்கொடுத்தது மனத்தில் பதிந்ததா என்பதைக் கையெழுத்தைத் தவிர வேறு எதை வைத்து அறிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: தொண்டி ஓய்வுபெற்றவர்

தம்பிக்கு வணக்கம். மின் நிலையங்களிலும் பாலப் பணிகளிலும் நெடுங்காலம் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தத் தொழிலாளி உங்களிடம் சொன்ன பதிலிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதில் மாட்ட வேண்டும், ஏன் அதில் மாட்ட வேண்டும் என்பதை யாரும் அவர் கண்முன் காட்டவில்லை. கொட்டகைக்குள் நின்று இதைச் சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது.

ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். தரையில், தடுப்புக் கட்டிய ஓர் இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு உறுதியான ஒரு சட்டத்தை நிறுத்தி, அதன் குறுக்கே ஒரு கம்பியை வைத்து உங்கள் தளத்தில் கட்டுவது போலவே பைண்டிங் கம்பியால் கட்டுங்கள். கழித்துப் போட வேண்டிய ஒரு பழைய பெல்ட்டை இரண்டு மணல் மூட்டைகளில் இறுகப் பூட்டி, கொக்கியை அந்தக் குறுக்குக் கம்பியில் மாட்டி, மூட்டைகளை மேலிருந்து தள்ளிவிடுங்கள். கட்டு தெறித்துக் கம்பியும் மூட்டையும் சேர்ந்து தரையில் விழுவதை அனைவரும் பார்ப்பார்கள். பிறகு அதே மூட்டைகளை, சட்டத்தின் முதன்மை உத்திரத்தைச் சுற்றிய ஒரு நல்ல ஸ்லிங்கில் (சுமை தூக்கும் பட்டை அல்லது வடம்) மாட்டித் தள்ளிவிடுங்கள். இம்முறை அது தொங்கி நிற்கும். ஒடியா மட்டும் தெரிந்தவருக்கும் இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. விழுகிற ஆளின் எடையும் அவர் விழும்போது கொக்கி தாங்கும் சுமையும் ஒன்றல்ல என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். அமெரிக்க விதிகள் ஓர் ஆளுக்கான பிடிமானம் 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ தாங்க வேண்டும் என்று வகுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதோடு சேர்த்து நீங்களும் உங்கள் பொறியாளரும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்டு ஏறக்குறைய 1.8 மீட்டர். அதில் உள்ள அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். அதற்குக் கீழே ஆளின் உடல் தொங்குவதற்கும் சற்று இடைவெளி விடுவதற்கும் இடம் வேண்டும். காலடிக்குப் பக்கத்தில் கொக்கியை மாட்டினால் விழும் தூரம் மேலும் கூடும். மொத்தத்தில் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே 6 மீட்டர் அளவுக்குத் தடையற்ற வெளி இல்லாவிட்டால், முறையாக மாட்டிய பெல்ட்டும் ஆளைக் கீழேயுள்ள பார்ஜ் (தட்டையான மிதவைப் படகு) மீதோ பைல் மீதோ மோதவிட்டுத்தான் நிறுத்தும். ஜெட்டி வேலையில் பல இடங்களில் அந்த உயரம் கிடைக்காது. அங்கெல்லாம் பலகைத் தளமும் இடுப்பளவுக்கு மேல் கைப்பிடிக் கம்பியும் போட்டுத் தருவது உங்கள் நிறுவனத்தின் கடமை. அதைச் செய்யாமல் தொழிலாளியைப் பெல்ட் மாட்டச் சொல்லி வற்புறுத்துவதை நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக வைத்து வகுப்பைத் தொடங்காதீர்கள். கயிற்றின் புரி எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த முடிச்சு சுமையில் இறுகும், எது நழுவும் என்பதெல்லாம் உங்களையும் என்னையும் விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்லிங்குகளையும் கயிறுகளையும் தினமும் பரிசோதிக்கும் பொறுப்பை அவர்களில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தமக்குத் தெரிந்ததற்கு மதிப்புக் கிடைத்த இடத்தில், தெரியாததைக் கேட்டுக்கொள்ள அவர்கள் தயங்குவதில்லை என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நீச்சல் பற்றிய பேச்சுக்கு ஒரே பதில் இதுதான்: படகிலிருந்து குதிப்பவர் நினைவோடு குதிக்கிறார், தளத்திலிருந்து விழுபவர் பைல் லைனரின் (பைலைச் சுற்றிய இரும்புக் குழாய்) விளிம்பிலோ பார்ஜிலோ தலையை மோதிக்கொண்டு விழுகிறார். நினைவிழந்தவருக்கு நீச்சல் உதவாது, லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கும். தண்ணீருக்கு மேல் நடக்கும் பணிகளுக்கு, 90 அடிக்குக் குறையாத கயிறு கட்டிய மிதவை வளையங்களை 200 அடிக்கு மிகாத இடைவெளியில் வைக்க வேண்டும், மீட்புக்கென்றே ஒரு சிறு படகு தயாராக நிற்க வேண்டும் என்பதும் அதே அமெரிக்க விதிகளில் உண்டு. உங்கள் தளத்தில் படகும் படகோட்டத் தெரிந்தவர்களும் இருக்கும்போது அதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் கச்சான் காற்று வலுக்கும்போது, பலகைகளும் ஷீட்டுகளும் தூக்கும் வேலையை எப்போது நிறுத்துவது என்ற வாக்குவாதம் ஒவ்வொரு தளத்திலும் வரும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடுவது வழக்கமாக இருந்தது; அங்கே யாரும் யாரிடமும் கெஞ்சவோ வாதாடவோ வேண்டியிருக்கவில்லை. உங்கள் கிரேனைத் தயாரித்தவர்களின் கையேட்டிலும் ஒரு காற்று வரம்பு எழுதியிருக்கும். அதைப் பெரிய எழுத்தில் தளத்தில் எழுதி வைத்து, காற்றளவி ஒன்றையும் பொருத்தி, அந்த அளவைத் தாண்டியதும் வேலை நிற்கும் என்று முதல் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

உப்புக் காற்றில் கொக்கியின் ஸ்பிரிங் துருவேறி இறுகிப்போகும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வாய் முழுவதும் மூடாது. ஒவ்வொருவரும் காலையில் தம் கொக்கியைத் திறந்து விட்டு, அது தானாக டக்கென்று மூடுகிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற வேண்டும். சாரத்தின் கிளாம்புகளுக்கும் இதுவே பொருந்தும்.

பதில் 2
எழுதியவர்: கீழக்கரை சங்கத் தோழர்

கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றும் ஒரு பெண்ணாக எனக்கும் சில சொல்ல இருக்கின்றன. உங்கள் கேள்வியில் சித்தாள் பெண்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறார்கள். பெரும்பாலான தளங்களின் பயிற்சியிலும் அப்படித்தான் நடக்கிறது. சுமக்கிற வேலைதானே என்று அவர்களைக் கொட்டகையின் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சாரத்தின் அடியில் அதிகமாக நடமாடுகிறவர்களும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் கியூரிங் மோட்டாரின் ஈரமான வயரைக் கையால் எடுத்து நகர்த்துகிறவர்களும் அவர்கள்தான். அந்த மோட்டாருக்கு மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானைத் தினமும் யாராவது அழுத்திப் பார்க்கிறார்களா என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு வேலை செய்கிறவருக்குப் பொருந்தும் அளவில் ஷூவும் கையுறையும் வாங்கியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்; ஆண்களின் அளவில் வாங்கிய ஷூ காலில் நிற்காமல் கழன்று, அதுவே இடறி விழக் காரணமாகிறது.

வெயிலைப் பற்றிய பயிற்சியில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்கிறார்கள். கழிப்பறை இல்லாத தளத்தில் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, மே மாத வெயிலில் மாலை வரை உலர்ந்த வாயோடு கல் சுமக்கும் பெண்களை நான் அறிவேன். மயங்கி விழுந்த பிறகு அவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைவிட, பூட்டுடன் கூடிய ஒரு கழிப்பறை பெரிய பாதுகாப்பு ஏற்பாடு. இது சலுகையும் அன்று. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கான அறையையும் கட்டாயமாக்கியிருந்தது.

வெயிலுக்குப் புதியவர்களை முதல் நாளே முழு வேலையில் இறக்கக் கூடாது. முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டு போவது என்பது தொழில்சார் சுகாதார வல்லுநர்கள் சொல்லும் முறை. கடலில் வெயில் பழகியவர்களுக்கும் இது வேண்டும். காற்றோட்டமான படகும் கம்பிக் கூட்டுக்கு நடுவே அடைபட்ட இடமும் ஒன்றல்ல.

இன்னொன்று. உங்கள் அரை மணி நேரப் பயிற்சி வேலை நேரத்துக்குள் வருகிறதா, அதற்கு முன்பு வருகிறதா? தினக்கூலிக்கு வருகிறவரைச் சம்பளமில்லாமல் அரை மணி நேரம் நிற்க வைத்தால், நீங்கள் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டமாகவே தோன்றும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று அஞ்சக் காரணம் இருந்தால் அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அந்த உரிமையை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். சொன்னவரின் அடுத்த நாள் வேலை பறிபோகாது என்பதை மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பதில் 3
எழுதியவர்: ஐஸ் கம்பெனி ஆபரேட்டர், ராமேசுவரம்

சுருக்கமாக ஒன்று. தடைக்காலத்தில்தான் எங்கள் ஐஸ் பிளாண்டுகளிலும் பழுதுபார்க்கும் வேலைகள் நடக்கும், உங்களைப் போன்ற தளங்களிலிருந்து வெல்டர்களும் கொத்தனார்களும் வருவார்கள். குளிரூட்டப் பயன்படும் அமோனியா வாயுவைப் பற்றிக் கம்பெனி ஆட்களுக்குத் தெரியும். இரண்டு நாள் வேலைக்கு வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அமோனியா காற்றை விட இலேசானது என்றாலும், கசிந்து ஈரக்காற்றோடு சேரும்போது வெண்புகையாகத் தரையோடு படரும். மூக்கில் நெடி ஏறியதும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குக் குறுக்காக விலகிக் காற்று வரும் பக்கம் போய்விட வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியேறலாம். ஆனால் ஈரத்துணியை நம்பி உள்ளே போகக் கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து வரும் எவருக்கும், அவர் ஒரு மணி நேரமே இருக்கப் போகிறார் என்றாலும், வெளியேறும் வழியை நடத்திக் காட்டிய பிறகுதான் கருவியை எடுக்கவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி எழுப்பியவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பயிற்சி நேரம் இப்போது வேலை நேரத்துக்கு முன்பாகத்தான் இருக்கிறது; அதை உள்ளே கொண்டுவர மேலாளரிடம் பேசியிருக்கிறேன். கழிப்பறை ஒன்று இருந்தாலும் அது ஜெட்டியின் கரைப்பக்க முனையில், ஆண்களின் ஓய்விடத்தை ஒட்டியே இருக்கிறது. அதை இடம் மாற்றவும் கேட்டிருக்கிறேன். மணல் மூட்டைச் சோதனைக்குப் பொறியாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். தொண்டி ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். ஒடிசா தொழிலாளர்களுக்குத் தலையசைக்கும் பழக்கம் இருக்கிறது. புரிந்ததா என்றால் எல்லோரும் ஆம் என்கிறார்கள். பயிற்சி பதிந்ததை எப்படிச் சோதிப்பது? பதிவேட்டை என்ன செய்வது?

தொண்டி ஓய்வுபெற்றவரின் பதில்

தம்பி, “புரிந்ததா?” என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் ஆம் என்ற ஒரே பதில்தான் வரும். “செய்து காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். பெல்ட்டைக் கையில் கொடுத்து, அவராகவே அணிந்து, தொடைப் பட்டியை இறுக்கி, தளத்தில் மாட்டத் தகுந்த இடம் ஒன்றையும் மாட்டக் கூடாத இடம் ஒன்றையும் விரலால் சுட்டிக் காட்டட்டும். ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும். பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் எதைச் செய்து காட்டினார் என்று ஒரு வரி எழுதுங்கள். செய்து காட்டாதவர் அன்றைக்குத் தரையில் மட்டும் வேலை பார்க்கட்டும். அந்தப் பதிவேடு நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு மட்டுமல்லாமல், யாருக்கு இன்னும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே காட்டும்.

ஒடிசா ஆட்களில் மூத்தவர் ஒருவரும், தமிழோ இந்தியோ ஓரளவு தெரிந்த இளைஞர் ஒருவரும் கட்டாயம் இருப்பார்கள். அந்த இருவருக்கும் முதல் நாளே தனியாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் அவர்களையே தம் குழுவுக்குச் சொல்லவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று அவர்கள் கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். மொழி தெரியாவிட்டாலும், கொக்கியைத் தவறான கம்பியில் மாட்டிக் காட்டினால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தப்பிய விபத்துகளுக்கென்று தனியாக ஒரு நோட்டை வையுங்கள். மேலிருந்து ஸ்பேனர் விழுந்து யார் மேலும் படாமல் போனது, பலகை புரண்டும் ஆள் தப்பியது ஆகியவற்றை யார் வந்து சொன்னாலும் எழுதுங்கள். சொன்னவரையோ சம்பந்தப்பட்டவரையோ திட்டினால் நோட்டு மறுநாளிலிருந்து வெறுமையாகிவிடும். மறுநாள் காலைப் பேச்சுக்கு அந்த நோட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மீட்பு ஒத்திகையை மறந்துவிடாதீர்கள். பெல்ட்டில் அசைவின்றித் தொங்கும் ஆளுக்குத் தொடைப் பட்டிகள் இரத்த ஓட்டத்தை அழுத்துவதால், சில நிமிடங்களிலேயே நினைவு தப்பக்கூடும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது. யார் ஏணியை எடுப்பது, எந்தப் படகு கீழே வருவது, யார் கயிற்றைப் பிடிப்பது என்று முன்கூட்டியே பெயர் சொல்லி ஒதுக்கி, மணல் மூட்டையைத் தொங்கவிட்ட அதே நாளில் அதை இறக்கியும் பழகுங்கள். 108க்கு யார் பேசுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். உங்கள் தளத்துக்குப் பிரதான சாலையிலிருந்து மணல் பாதையில் திரும்ப வேண்டியிருந்தால், பேசி முடித்ததும் ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் போய் அந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எல்லாத் திருப்பங்களும் ஒன்று போலத்தான் தெரியும்.